கேமரா வாங்கும் முன்: கண்காணிப்பு அமைப்பைத் திட்டமிடுதல்

கண்காணிப்பு அமைப்பைத் திட்டமிடும்போது கடைசியாக முடிவாக வேண்டியது கேமராக்களின் எண்ணிக்கை. கடைத்தெருவில் அதுதான் முதலில் முடிவாகிறது. "நாலு கேமரா செட்", "எட்டு கேமரா செட்" என்று பெட்டியாக விற்பதால் வாங்குபவரும் பெட்டிக் கணக்கிலேயே யோசிக்கிறார். நான்கு கேமராவும் கட்டடத்தின் நான்கு மூலையில் ஏறிவிடுகின்றன. திருட்டு நடந்த பிறகு போட்டுப் பார்த்தால் ஆள் தெரிகிறான், முகம் தெரிவதில்லை. இல்லையென்றால் முகம் தெரிந்திருக்கக்கூடிய நாளின் பதிவு எப்போதோ அழிந்துபோயிருக்கிறது. இரண்டிலும் கருவியின் மேல் பழி போடுவது வழக்கம். உண்மையில் முதலாவது தூரக் கணக்கு போடாததால் வருவது, இரண்டாவது நாள் கணக்கு போடாததால் வருவது.

இந்த இரண்டு கணக்குகளையும் அவற்றைச் சுற்றிய மற்ற முடிவுகளையும் பெண்ணாடத்தை வைத்துப் பார்க்கலாம். கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்த இந்தப் பேரூராட்சியில் திட்டமிடுபவருக்கு வேண்டிய எல்லா வகை இடங்களும் உண்டு: பாடல் பெற்ற பழைய சிவன் கோயில், விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் ஒரு ரயில் நிலையம், கடைத்தெரு, கரும்பு வண்டி போகும் சாலை, வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் பூட்டிய வீடுகள், பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள்.

எதற்கு என்ற தாள்

முதல் வேலை ஒரு தாளும் பேனாவும். பிரிட்டன் உள்துறை 2009இல் வெளியிட்ட கையேடு இதைச் "செயல்பாட்டுத் தேவை" என்ற தலைப்பில் வலியுறுத்துகிறது. ஒவ்வோர் இடத்துக்கும் அங்கே என்ன நடக்கலாம், நடந்தால் படத்தில் எது தெரிய வேண்டும் என்று எழுதிவிட்டுத்தான் கருவியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அதன் சாரம். நம் ஊருக்கு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வது நல்லது: நடந்தது எத்தனை நாளில் உரிமையாளருக்குத் தெரியவரும்?

மளிகைக் கடையில் கல்லாப் பணம் குறைந்தால் அன்று இரவு கணக்கு முடிக்கும்போதே தெரிந்துவிடும். உரக்கடைக் குடோனில் மூட்டை குறைந்தால் இருப்பு எடுக்கும் நாளில்தான் தெரியும், அது மாதக் கடைசியாக இருக்கலாம். அடகுக்கடையில் வேறு மாதிரி. நகையை வைத்தவர் ஆறு மாதம் கழித்து மீட்க வந்து "இது என் நகை இல்லை" என்று சொன்னால், அப்போது வேண்டியது ஆறு மாதம் முந்தைய எடைத் தராசின் படம். சிங்கப்பூரில் இருப்பவரின் பூட்டிய வீட்டில் பின்கதவு உடைந்தது பொங்கலுக்கு வரும்போதுதான் தெரியலாம், பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்காவிட்டால்.

தாளில் "பாதுகாப்புக்காக" என்று எழுதினால் அதை வைத்து எந்த லென்ஸையும் தேர்ந்தெடுக்க முடியாது. "இரவு 10 மணிக்குப் பிறகு ஷட்டருக்கு முன் நிற்பவரின் முகம், முன்பின் தெரியாதவராயிருந்தாலும் அடையாளம் காணும்படி, 15 நாள் இருப்பு" என்று எழுதினால் லென்ஸ், உயரம், விளக்கு, ஹார்ட் டிஸ்க் நான்கும் அந்த ஒரு வரியிலிருந்தே கிடைத்துவிடும். இப்படி எழுதிப் பார்க்கும்போது சில வரிகளுக்குக் கேமராவே தேவையில்லை என்பதும் புலப்படும். பின்பக்கக் கதவுக்கு இரும்புக் கதவும் நல்ல பூட்டும் போடுவது, உடைப்பவனைப் படம் பிடிப்பதைவிட மலிவு. கேமரா எதையும் தடுத்து நிறுத்துவதில்லை. அது சாட்சி.

நாள் கணக்கு

விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை திருடப்பட்டு, 2004இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விலைக்குப் போனது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் 2006 வாக்கில் திருடுபோன சிலைகள் காணாமல்போனது 2008இல்தான் வெளியே தெரிந்தது. அதற்குள் அங்கிருந்த நடராசர் கான்பெராவில் உள்ள தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டிருந்தார். இரு சிலைகளும் 2014 செப்டம்பரில் இந்தியாவுக்குத் திரும்பின. இவை இந்தக் கோயில்களுக்குரியவை என்று நிறுவ உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்.

திட்டமிடுபவருக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இழப்பு தெரியவர இரண்டு ஆண்டு ஆகும் இடத்தில் 30 நாள் பதிவு இருந்தும் பயனில்லை. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு வழிகள் உண்டு. பதிவு நாளைக் கூட்டுவது ஒன்று. தெரியவரும் நாளைக் குறைப்பது மற்றொன்று: வாரம் ஒருமுறை பட்டியலை வைத்துச் சரிபார்ப்பது, ஒவ்வொரு பொருளையும் அளவுகோலோடு படமெடுத்து வைப்பது, ஆள் வரக்கூடாத நேரத்தில் அசைவு தெரிந்தால் உடனே அலைபேசிக்குச் செய்தி வரச் செய்வது. இரண்டாவது வழிதான் பெரும்பாலும் மலிவு. பூட்டிய வீட்டுக்கும் இதே முறைதான்.

பதிவு எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது எளிய கணக்கு. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வரும் படம் ஒரு நாளில் 10.8 ஜிபி இடத்தை எடுக்கும். 2 மெகாபிக்சல் கேமராவுக்குப் பழைய எச்.264 முறையில் சுமார் 4 மெகாபிட், புதிய எச்.265 முறையில் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். கேமரா எண்ணிக்கை, மெகாபிட், 10.8, நாள் ஆகிய நான்கையும் பெருக்கினால் ஜிபி கிடைக்கும். உரக்கடையில் 6 கேமரா, 2 மெகாபிட், 45 நாள் என்றால் 5,832 ஜிபி. 6 டிபி போதும்போலத் தோன்றும். ஆனால் மழை, பூச்சி, மரக்கிளை என அசைவு கூடும் இரவுகளில் பதிவின் அளவு ஏறும். எனவே 8 டிபி வாங்குவது சரி. கணினிக்கான சாதாரண ஹார்ட் டிஸ்க் நாள் முழுதும் எழுதிக்கொண்டேயிருக்கும் வேலைக்கு ஏற்றதன்று. கண்காணிப்புக்கென்றே வரும் டிஸ்க்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்யும்படி வைத்தால் இடம் மிஞ்சும் என்பார்கள். மிஞ்சும்தான். ஆனால் அசைவு தொடங்கி ஒரு நொடி கழித்துப் பதிவு தொடங்கினால் கையை நீட்டிய கணம் போய்விடும். வாசல், கல்லா, தராசு ஆகியவற்றுக்குத் தொடர்ந்த பதிவும், குடோனின் உள்ளே அசைவுப் பதிவும் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கொள்ளளவு மட்டும் போதாது, அமைப்பில் என்ன தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டில் மறக்க முடியாத எடுத்துக்காட்டு சாத்தான்குளம். 2020 ஜூன் 19 அன்று காவல் நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்ட ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் சில நாட்களில் இறந்தனர். விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் தம் அறிக்கையில், அந்த நிலையத்தின் ஹார்ட் டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தும், பதிவு அன்றன்றைக்குத் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் குறிப்பிட்டார். கேமரா ஒன்றுக்கு 2 மெகாபிட் வீதம் நான்கு கேமரா என்று கொண்டாலும் 1 டிபியில் 11 நாள் பதிவு நிற்கும். கேமராவும் இருந்தது, டிஸ்க்கும் இருந்தது, வேண்டிய நாளின் பதிவு மட்டும் இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் கேமரா பற்றி விரிவான உத்தரவிட்டது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அவ்வளவு கொள்ளும் கருவி கிடைக்காவிட்டால் எப்படியும் ஓர் ஆண்டுக்குக் குறையக்கூடாது, ஒலியும் இரவுக் காட்சியும் வேண்டும் என்றது. எந்தெந்த இடம் என்பதையும் நீதிபதிகளே வரிசையாகச் சொன்னார்கள்: நுழைவாயில்கள், வெளியேறும் வழிகள், பூட்டறைகள், நடைகள், வரவேற்புப் பகுதி, தாழ்வாரம், ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, பூட்டறைக்கு வெளிப்பக்கம், வளாகத்தின் முன்புறம், பின்புறம், கழிவறைக்கு உள்ளே அல்லாமல் வெளியே. எழுதப்பட்ட திட்டத்தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்தத் தீர்ப்பு நல்ல மாதிரி. வேறு வகைக் கட்டடத்துக்குத் திட்டமிடுபவரும் ஒருமுறை படிக்கலாம்.

தூரக் கணக்கு

படத்தில் ஆள் இருப்பது தெரிவதும், அவர் யார் என்பது தெரிவதும் வேறு வேறு. பன்னாட்டுத் தர ஆவணமான ஐஇசி 62676-4இன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு இதை எண்ணால் பிரித்தது. ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் இருந்தால் யாரோ நடமாடுவது தெரியும். 125 இருந்தால் ஏற்கெனவே தெரிந்தவரை இன்னார் என்று சொல்லலாம். முன்பின் தெரியாதவரை ஐயமின்றி அடையாளம் காண 250 வேண்டும். முகத்தின் அகலத்தைச் சுமார் 16 செ.மீ. என்று கொண்டால் 250 என்பது முகத்துக்கு 40 பிக்சல். அதற்குக் கீழே போனால் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாலும் கட்டங்கள்தான் பெரிதாகும்.

2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம். 250ஆல் வகுத்தால் 7.68 மீட்டர். அதாவது அந்தக் கேமரா எவ்வளவு தூரத்தைக் காட்டினாலும், 7.68 மீட்டர் அகலக் காட்சிக்கு உட்பட்ட இடத்தில்தான் அந்நியர் முகம் தெரியும். எத்தனை மீட்டர் தள்ளி நின்றால் காட்சி அவ்வளவு அகலமாகிறது என்பது லென்ஸைப் பொறுத்தது. தூரத்தை உணரியின் அகலத்தால் பெருக்கி லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் காட்சியின் அகலம் வரும். மூன்றில் ஒரு அங்குல உணரி என்று சொல்லப்படுவதன் அகலம் 4.8 மி.மீ. இந்தக் கணக்குப்படி 2.8 மி.மீ. லென்ஸ் 4.5 மீட்டர் வரையும், 4 மி.மீ. 6.4 மீட்டர் வரையும், 6 மி.மீ. 9.6 மீட்டர் வரையும், 12 மி.மீ. 19 மீட்டர் வரையும் முகத்தைத் தரும். செட்டில் பெரும்பாலும் வருவது 2.8 அல்லது 3.6 மி.மீ. லென்ஸ். அகலமாகத் தெரிவதால் திரையில் பார்க்கும்போது நிறைவாக இருக்கும். 2.8 மி.மீ. லென்ஸில் 15 அடிக்கு அப்பால் நிற்பவர் வெறும் உருவம்.

அப்படியென்றால் பிக்சலைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். 3,840 பிக்சல் அகலமுள்ள 4கே கேமரா, அதே 4 மி.மீ. லென்ஸோடு 12.8 மீட்டர் வரை முகம் தரும். பகலில் மட்டும். அதே அளவு உணரியில் நான்கு மடங்கு பிக்சலை நெருக்கி வைத்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் விழும் வெளிச்சம் குறைகிறது. இரவில் படம் புள்ளி புள்ளியாகிறது. தெருவிளக்கு சரியில்லாத இடத்தில் 4கே வாங்குவதைவிட, ஒரு 2 மெகாபிக்சல் கேமராவை அகலக் காட்சிக்கும் இன்னொன்றை வாசலைக் குறிவைத்தும் பொருத்துவது நல்லது. ஒன்று "என்ன நடந்தது" என்பதற்கு, மற்றது "யார்" என்பதற்கு. இரண்டையும் ஒரே கேமராவிடம் கேட்பதுதான் திட்டத்தில் அடிக்கடி நேரும் பிழை.

வண்டி எண்ணைப் படிப்பது தனி வேலை. ஓடும் வண்டியின் எண் மங்காமலிருக்க ஷட்டர் வேகம் 1/500 நொடி அளவுக்கு வேண்டும். இரவில் முகப்பு விளக்கு நேராக லென்ஸில் அடிக்கும், கரும்பு டிராக்டரின் பின்னால் இழுவைப் பெட்டி எண்ணை மறைக்கும். முகத்துக்கு வைத்த கேமரா எண்ணையும் தரும் என்று விற்பவர் சொன்னால், இரவில் எடுத்த மாதிரிப் பதிவைக் கேட்டுப் பார்க்கலாம்.

இடமும் உயரமும்

உயரே வைத்தால் யாரும் உடைக்க மாட்டார்கள் என்று மாடிக் கைப்பிடிச் சுவருக்கு அடியில் பொருத்துவது நம் பழக்கம். அங்கிருந்து தெரிவது தலைமுடியும் துண்டும் ஹெல்மெட்டும். முகத்துக்கான கேமரா 15 பாகைக்கு மேல் கீழ்நோக்கிச் சாயாமல் இருப்பது நல்லது. தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 5 மீட்டர் தள்ளி வருபவருக்கு இது ஏறக்குறைய பொருந்தும். வாசலுக்கு உள்ளே, வெளியேறுபவரை நோக்கி, 8 அடி உயரத்தில் வைத்த கேமரா பல இடங்களில் போதுமானதாகிறது. வருபவர் தலையைக் குனிந்து வரலாம், போகும் அவசரத்தில் நிமிர்ந்தாக வேண்டும்.

ஒரு கேமரா இன்னொரு கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் கை வைக்கப்படுவது கேமராவின் மேல்தான். பதிவுப் பெட்டியும் அப்படித்தான்: கல்லாவுக்குக் கீழே எல்லோருக்கும் தெரியும்படி டிவிஆர் இருந்தால் திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போகிறான். பூட்டிய அறையில், காற்றோட்டமுள்ள இரும்புப் பெட்டியில், சுவரோடு போல்ட் போட்டு வைக்க வேண்டும். மே மாதத்தில் 40 பாகையைத் தொடும் ஊரில் காற்றுப் புகாத பெட்டி டிஸ்க்கைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

பெண்ணாடத்துப் பிரளயகாலேஸ்வரர் கோயில் திட்டமிடுபவருக்கு வேறொரு பாடம் வைத்திருக்கிறது. கோயிலின் பழைய பெயரான திருத்தூங்கானைமாடம் இதன் விமான அமைப்பைக் குறிக்கிறது. கருவறையின் பின்புறம் சதுரமாக முடியாமல், படுத்த யானையின் முதுகுபோல் வளைந்து முடிகிறது. சதுரக் கட்டடத்தின் சுவர்நெடுகிலும் பார்க்க மூலையில் ஒரு கேமரா போதும். வளைந்த சுவரில் அந்த வசதி இல்லை. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஒரு பகுதி வளைவுக்குப் பின்னால் மறைந்துவிடும். இப்படிப்பட்ட விமானத்துக்குத் திருச்சுற்றின் பின் மூலைகள் இரண்டிலிருந்தும் எதிரெதிராகப் பார்க்கும் இரண்டு கேமரா வேண்டும். பழைய கல்லில் துளையிடுவது கூடாது. அறநிலையத் துறையின் அனுமதியோடு, தனிக் கம்பத்திலோ பிற்காலக் கட்டுமானத்திலோ பொருத்தி, வயரைக் கல்லைத் தொடாமல் கொண்டுசெல்வது முறை. உண்டியல், உற்சவர் சிலைகள் வைத்த அறையின் கதவு, நுழைவாயில் ஆகிய மூன்றும் முகம் தெரியும் அளவில் வேண்டும். மற்ற இடங்களில் நடமாட்டம் தெரிந்தால் போதும்.

பொது இடத்தில் கேமராவை நிகழ்விடத்தில் மட்டும் வைப்பதும் போதாது. 2016 ஜூன் 24 அன்று சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஓர் இளம்பெண் கொலை செய்யப்பட்டபோது அந்த நிலையத்தில் கேமராவே இல்லை. பக்கத்துத் தெருக்களில் இருந்த தனியார் கேமராக்களின் பதிவிலிருந்துதான் காவல்துறை தேடலைத் தொடங்கியது. அதற்கடுத்த ஆண்டுகளில் சென்னைக் காவல்துறை "மூன்றாவது கண்" என்ற பெயரில் வணிகர்களையும் குடியிருப்போரையும் கேமரா பொருத்தச் சொல்லி ஊக்கப்படுத்தியது. தெரு முழுவதற்கும் ஊரார் சேர்ந்து திட்டமிட்டால், ஊருக்குள் வரும் சாலைகளையும் பிரியும் முனைகளையும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்ணாடத்தில் அது விருத்தாசலம் சாலை, திட்டக்குடி சாலை, ரயில் நிலையச் சாலை என்று தொடங்கும். நன்கொடையில் வாங்கிய கேமராவுக்கு மூன்றாம் ஆண்டு பழுது பார்ப்புச் செலவு யாருடையது என்பதைப் பொருத்தும் நாளிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால், கம்பத்தில் கூடு மட்டும் நிற்கும்.

வெளிச்சம்

பகலில் நல்ல படம் தராத கேமரா இன்று அரிது. சோதனை காலையிலும் மாலையிலும் நள்ளிரவிலும்தான். கிழக்குப் பார்த்த கடையில் காலை ஏழு மணிக்கு வாசல் முழுதும் வெள்ளை, அதன் முன் நிற்பவர் கறுப்பு நிழல். இதைச் சமாளிக்க டபிள்யூடிஆர் என்ற வசதி உண்டு. இருளையும் ஒளியையும் தனித்தனியே எடுத்து ஒன்றாக்கும் உண்மையான டபிள்யூடிஆரும் இருக்கிறது, மென்பொருளால் ஒப்பேற்றும் டிஜிட்டல் டபிள்யூடிஆரும் இருக்கிறது. விலை வித்தியாசம் அதனால்தான்.

இரவில் கேமராவில் உள்ள அகச்சிவப்பு விளக்கு எரியும். சட்டை நிறம், வண்டி நிறம் தெரியாது. பெட்டியில் "30 மீட்டர்" என்று போட்டிருப்பது நடமாட்டம் தெரியும் தூரம், முகம் தெரியும் தூரமன்று. அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன் வலை கட்டும். வலையில் பட்டுத் திரும்பும் ஒளியில் படம் வெளுத்துவிடும். ஐப்பசி மழையிலும் இதே தொல்லை. வாசலில் மின்மினுக்காத ஓர் எல்இடி விளக்கை இரவெல்லாம் எரியவிடுவது இதைவிட எளிய தீர்வு. நிறமும் தெரியும், திருடனுக்கும் தயக்கம் வரும்.

பீங்கான் பட்டறையில் தொல்லை வேறு. மண்மாவு லென்ஸ் கண்ணாடியில் படியும். அரைக்கோள மூடியுள்ள டோம் கேமராவைத் துணியால் அடிக்கடி துடைத்தால் கீறல் விழுந்து படம் மங்கும். அங்கே முன்கண்ணாடி தட்டையாக உள்ள புல்லட் கேமராவை, சூளையின் அனலும் ஒளியும் நேரே படாத சுவரில், கை எட்டும்படி வைப்பது நல்லது.

வயரும் மின்சாரமும்

இரண்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. கோஆக்சியல் வயரில் படம் வந்து டிவிஆரில் பதிவாவது ஒன்று. நெட்வொர்க் கேபிளில் வந்து என்விஆரில் பதிவாவது மற்றொன்று. சிறு கடைக்கு, அதுவும் பழைய வயர் இருந்தால், முதல் முறை போதும். புதிதாகத் தொடங்குபவருக்கும் எட்டுக்கு மேல் கேமரா வைப்பவருக்கும் இரண்டாவது. அதில் ஒரே கேபிளில் மின்சாரமும் போகும், ஆனால் 100 மீட்டர்தான் எல்லை.

டிவிஆர் முறையில் பொருத்துபவர்கள் பயன்படுத்துவது கோஆக்சியலோடு மின் கம்பியும் சேர்ந்து வரும் "3+1" கேபிள். அதன் மின் கம்பி மெலிது. 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 50 மீட்டர் தள்ளி உள்ள கேமரா அரை ஆம்பியர் இழுத்தால் 12 வோல்ட்டில் சுமார் 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியானால் 2.7 வோல்ட். பகலில் ஓடும் கேமரா இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்தவுடன் அணைந்து அணைந்து வருவதற்குக் காரணம் இதுதான். கேமராவை மாற்றிப் பணத்தை வீணாக்குவதற்குள் முனையில் வோல்ட்டை அளந்து பார்க்க வேண்டும்.

எட்டு கேமரா அமைப்பு சுமார் 80 வாட் இழுக்கும். 600 விஏ யுபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஏஎச் பேட்டரி அதை ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏஎச் பேட்டரியோடு இணைத்தால் இரவைத் தாண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபின் இந்த மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அதற்கெல்லாம் பேட்டரி வாங்க முடியாது. ஆனால் வழக்கமான மின்தடையில் தெருவிளக்கும் சேர்ந்தே அணைகிறது, அந்த நேரத்தில் பதிவு நிற்கக்கூடாது. இடி மின்னலுக்கு எர்த் இணைப்பும், வெளியே ஓடும் வயருக்கு சர்ஜ் தடுப்பானும் விலைப்பட்டியலில் தனி வரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவை போடப்படவில்லை என்றே பொருள்.

சட்டமும் பக்கத்து வீடும்

நகர உள்ளாட்சிப் பகுதிகளில் பொதுக் கட்டடங்களில் கேமரா பொருத்துவதற்குத் தமிழ்நாடு அரசு 2012இல் விதிகள் கொண்டுவந்தது. ஒரு கட்டடத்துக்கு அவை பொருந்துமா என்பதைப் பேரூராட்சி அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் கேட்டுத் தெளிவது நல்லது.

கேமரா தன் எல்லைக்குள் பார்ப்பதே முறை. பக்கத்து வீட்டு முற்றமோ சன்னலோ காட்சியில் விழுந்தால், அந்தப் பகுதியை மறைக்கும் வசதி பெரும்பாலான ரெக்கார்டர்களில் உண்டு. கூட்டுக் குடும்ப வீட்டில் மற்ற பங்காளிகளின் சம்மதமின்றி அவர்கள் வாழும் பகுதியில் கேமரா ஓடவிடக்கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. உடை மாற்றும் அறை, கழிவறை ஆகியவற்றில் படமெடுப்பது குற்றம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காகச் செய்வதற்கு விலக்கு தருகிறது. கடைக்கு அந்த விலக்கு இல்லை. "இங்கே கேமரா உள்ளது" என்ற பலகை குறைந்தபட்ச மரியாதை.

பதிவு நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு என்ற எண்ணும் இடம்பெறும். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால் பதிவில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அது அத்தாட்சி. ரெக்கார்டரின் கடிகாரம் பன்னிரண்டு நிமிடம் பிந்தினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே போதும். இணைய நேரத்தோடு தானாகச் சரிசெய்துகொள்ளும்படி வைக்க வேண்டும்.

கடவுச்சொல்

பதிவுக்கு இணையம் தேவையில்லை. அலைபேசியில் பார்க்க மட்டுமே தேவை. அந்த வசதியோடு ஆபத்தும் வருகிறது. 2016 அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பலவற்றை முடக்கிய மிராய் தாக்குதலில் ஆயுதமாகப் பயன்பட்டவை, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களும் டிவிஆர்களும்தான். 2025 தொடக்கத்தில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பதிவுகள் வெளியே கசிந்து விற்பனைக்கு வந்தபோதும் எளிய கடவுச்சொல்லே வாசலாயிருந்ததாகச் செய்தி வெளியானது. இந்திய அரசு 2024இல் வெளியிட்ட ஆணைப்படி, 2025 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். பழைய சரக்கைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் அந்தச் சான்றைக் கேட்க வேண்டும். கேமரா பொருத்தியவரின் கைப்பேசியிலேயே கணக்கு தொடர்ந்து இருப்பது நம் ஊர்களில் பரவலான வழக்கம். வேலை முடிந்த அன்றே கடவுச்சொல்லை மாற்றி, ஒரு தாளில் எழுதி உறையிலிட்டுப் பீரோவில் வைத்துக்கொள்வது உரிமையாளரின் வேலை.

ஒப்படைக்கும் நாள்

கொட்டேஷனை ஒப்பிடும்போது மொத்தத் தொகையைப் பார்ப்பதற்கு முன் திட்டத்தாளின் ஒவ்வொரு வரிக்கும் எந்த லென்ஸ், எந்த உயரம், எத்தனை நாள் என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும். தர மறுப்பவரின் விலை குறைவாக இருந்தாலும் பயனில்லை.

கடைசித் தவணைப் பணம் இரவுச் சோதனைக்குப் பிறகுதான். இரவு பத்து மணிக்கு, பொருத்தியவருக்கு முன்பின் தெரியாத ஒருவரை ஒவ்வொரு கேமராவுக்கு முன்னும் நடக்கவிட்டு, படத்தை நிறுத்தி முகம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மெயின் ஸ்விட்சை அணைத்துப் பதிவு தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஐந்து நிமிடப் பதிவை உரிமையாளரே பென்டிரைவில் எடுத்து வேறொரு கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பதிவு எடுக்கத் தெரிந்த ஆள் ஊரில் இல்லாததால் விசாரணை இரண்டு நாள் தள்ளிப்போவதும், அதற்குள் பழைய பதிவின் மேல் புதியது எழுதிவிடுவதும் நடக்கிறது.

அதன்பின் வாரம் ஒருமுறை மிகப் பழைய பதிவு எந்தத் தேதியுடையது என்று பார்த்துக் குறித்துவைத்தால் போதும். திட்டமிட்ட 45 நாள் 20 ஆகக் குறைந்திருந்தால் டிஸ்க் பழுது அல்லது அமைப்பில் மாற்றம் என்று அப்போதே தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை லென்ஸைத் துடைத்து ஒட்டடை அடிக்க வேண்டும். கடையில் புதிய ரேக் போட்டாலோ, வாசலில் பந்தல் போட்டாலோ, எதிரில் வைத்த வேப்பங்கன்று கிளைவிட்டாலோ திட்டத்தாளை எடுத்துவைத்து அந்தக் கேமராவின் வரியை மறுபடியும் சோதிக்க வேண்டும்.